குழந்தைக்கு சி.பி.ஆர். முடிந்த பிறகு அந்த அஞ்சு நிமிஷப் பேச்சு: செய்யலாமா, எப்படிச் செய்வது?

ஜூன் 2, இரவு 10.50 (கேள்வி)

டாக்டர், மேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். குழந்தைக்கு சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி, காற்றுக் கொடுப்பது) செய்து முடித்ததும் எல்லோரும் நின்று டீப்ரீஃப், அதாவது நடந்ததைப் பற்றிச் சேர்ந்து பேசுவது, செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் மேடம் அது மனசைக் கிளறிவிடும், உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்கிறார். எது சரி? ராத்திரி நாங்கள் மொத்தமே நாலு பேர். எங்கே நின்று, யார் பேசுவது?

ஜூன் 3, காலை 6.20

மேடம் சொன்னதும் சரி, பயிற்சியில் சொன்னதும் சரி. ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் ஓடுகின்றன, குழப்பம் அதனால் வருகிறது.

முதலாவது, அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் எழுதிய முறை. ஏழு கட்டம். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், எது உன்னை அதிகம் உலுக்கியது, உடம்பில் என்ன மாற்றம் என்று ஆட்களை வட்டமாக உட்காரவைத்துக் கேட்பார்கள். மணிக்கணக்கில் போகும். அதைப் பிறகு விபத்தில் அடிபட்டவர், தீக்காயம் பட்டவர் என்று எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2002 தொகுப்பாய்வு, ஒரே அமர்வில் இப்படிப் பேசவைப்பது பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை என்று முடிவு சொன்னது. ஒரு ஆய்வில் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பேசவைக்கப்பட்டவர்களுக்கே பாதிப்பு கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்று சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, வேலையைப் பற்றிய பேச்சு. என்ன செய்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன மாற்றுவது. இது அமெரிக்க ராணுவத்தில் 1970-களில் உருவான பழக்கம், பிறகு விமானத் துறையும் ஆஸ்பத்திரிகளும் எடுத்துக்கொண்டன. 2013-இல் டானன்பாம், செராசோலி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல துறைகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஒழுங்காகச் செய்யும் குழுவின் செயல்திறன் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் கூடுகிறது என்று எழுதினார்கள். பயிற்சியில் உங்களுக்குச் சொன்னது இது.

ஆக, "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று வட்டம் கட்டிக் கேட்க வேண்டாம். "மணி என்ன, எது எப்போ நடந்தது?" என்று கேளுங்கள். எப்படிச் செய்வது என்பதை டியூட்டி முடிந்து எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு 9.40

எடின்பரோ ராயல் இன்ஃபர்மரி அவசரப் பிரிவுக்காரர்கள் 2020-இல் எழுதிய ஐந்து நிமிட முறைதான் நம்மூர் ஆள்பலத்துக்கு ஒத்துவரும். நாலே கேள்வி. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது, நன்றாக நடந்தவை, சரிசெய்யக்கூடியவை, யார் எதைச் செய்யப்போகிறார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்:

குழந்தையின் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அல்லது குழந்தை வேறு கைக்கு மாறியிருக்க வேண்டும். மூச்சு இன்னும் சீராகாத குழந்தையை விட்டுவிட்டு மூலையில் போய்ப் பேசுவது எந்த முறையிலும் கிடையாது.

பெற்றோர் காதில் விழாத இடம். சின்ன ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸிங் ரூம்தான் கிடைக்கும், கதவைச் சாத்தினால் போதும். உட்காராதீர்கள். நாற்காலி போட்டால் ஐந்து நிமிஷம் அரைமணி ஆகும்.

அவசர மருந்து டிராலியை அங்கேயே இழுத்துக்கொண்டு வாருங்கள். எந்த டிராயரில் எது இல்லை என்று காட்டிப் பேசலாம். காலி ஆம்பியூலை (ஊசி மருந்துக் குப்பியை) எண்ணிப் பார்க்கலாம்.

ஆரம்பிப்பவர் சொல்ல வேண்டியதை டிராலி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், வார்த்தைக்கு வார்த்தை வாசித்துவிடலாம்: "அஞ்சு நிமிஷம் பேசுவோம். இது என்கொயரி இல்ல. யாரையும் குறை சொல்ல வரல. அடுத்த குழந்தைக்கு என்ன மாத்தணும்னு மட்டும் பாக்குறோம். முடியலைன்னா கிளம்பலாம், தப்பா நினைக்க மாட்டோம்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வர மாட்டேன் என்று சொல்ல இடமில்லாத பேச்சு மிட்செல் முறையின் கெடுதலுக்கே திரும்பிப் போகும்.

ஜூன் 4, காலை 7.05

"யார் ஆரம்பிப்பது" என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சிஸ்டர்தான். டாக்டர் இல்லை. கனடாவில் கால்கரியில் அவசரப் பிரிவின் பொறுப்பு நர்ஸே நடத்தும்படி ஒரு முறை வகுத்து 2018-இல் எழுதியிருக்கிறார்கள். சி.பி.ஆர். நேரத்தில் உத்தரவு கொடுத்தவர் முடிந்தபின் அதைப் பற்றிப் பேச்சையும் நடத்தினால், அவர் கொடுத்த உத்தரவில் இருந்த பிழையை யார் சொல்வார்கள்? நம் ஊரில் இது இன்னும் கூடுதலாக உண்மை. சீஃப் நிற்கும் இடத்தில் ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) பேச மாட்டார், ஏ.பி. நிற்கும் இடத்தில் பி.ஜி. (மேற்படிப்பு டாக்டர்) பேச மாட்டார், ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எஃப்.என்.ஏ. (பெண் நர்ஸிங் உதவியாளர்) அக்காவை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் தீரும் நிலையில் இருந்ததை முதலில் பார்த்தது அந்த அக்காவாகத்தான் இருக்கும்.

அதனால் பேச்சு கீழிருந்து மேலே போகட்டும். "அக்கா, நீங்க என்ன பாத்தீங்க?" முதலில். சீனியர் டாக்டர் கடைசியில். சீனியருக்கு ஒரே ஒரு வேலையை முதலிலேயே கொடுக்கலாம்: தன் பக்கம் ஒரு குறையை அவரே சொல்வது. "ஐ.ஓ. போடச் சொல்ல நான் லேட் பண்ணிட்டேன்" (ஐ.ஓ. என்பது எலும்புக்குள் போடும் ஊசி) என்று ஒருவர் சொல்லிவிட்டால் அறை இளகிவிடும்.

ஜூன் 4, பிற்பகல் 2.30

மாதிரி ஒன்று கேட்டிருந்தீர்கள். நடந்த கேஸ் இல்லை, இப்படிப் போகும் என்று காட்டுவதற்காகக் கட்டியது.

மூன்று வயதுக் குழந்தை, தண்ணீர்த் தொட்டியில் விழுந்து சித்தப்பா பைக்கில் தூக்கி வந்தது. சி.பி.ஆர். நடக்கும்போது மணி பார்த்து எழுதியவரின் தாளில் இருப்பது:

6.12 வந்தது, மூச்சில்லை, நாடி இல்லை, அழுத்தம் ஆரம்பம்
6.13 ஆம்பூ பை (கையால் அழுத்திக் காற்றுத் தரும் பை), பெரியவர் மாஸ்க், நெஞ்சு ஏறவில்லை
6.16 குழந்தை மாஸ்க் கிடைத்தது, நெஞ்சு ஏறியது
6.14 முதல் 6.19 வரை கையில் மூன்று தடவை ஊசி முயற்சி
6.21 காலெலும்பில் ஐ.ஓ.
6.22 அட்ரினலின் (இதயத்தைத் தூண்டும் மருந்து) 1.4 மி.லி.
6.24 நாடி வந்தது

பேச்சு:

"மணி அடிப்படையில சொல்றேன், தப்பிருந்தா நிறுத்துங்க." தாளை வாசிக்க நாற்பது விநாடி.

"எது நல்லா போச்சு?" அழுத்தம் உடனே ஆரம்பமானது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவர் ஆள் மாற்றிக்கொண்டார்கள். சித்தப்பாவிடம் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"எது இடறுச்சு?" எஃப்.என்.ஏ. அக்கா: "சின்ன மாஸ்க் கீழ் டிராயர்ல, பெரிய மாஸ்க்குக்கு அடியில கெடந்துச்சு." நர்ஸ்: "ஐ.ஓ. ஊசி பீரோவுக்குள்ள. சாவி மேல் வார்டுல." டாக்டர்: "மூணு தடவை கையில குத்துனது என் தப்பு. முதல்லயே ஐ.ஓ. சொல்லியிருக்கணும்."

"ஒண்ணே ஒண்ணு மாத்தணும்னா?" ஐ.ஓ. ஊசி டிராலிக்கு வர வேண்டும். "யாரு? எப்போ?" நைட் டியூட்டி சிஸ்டர், நாளை காலை எட்டு மணிக்குள்.

முடிந்தது. நாலரை நிமிஷம்.

அமெரிக்க இதய சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், மின் அதிர்ச்சி கொடுக்கத் தேவையில்லாத இதய நிறுத்தத்தில் அழுத்தம் தொடங்கி 5 நிமிஷத்துக்குள் முதல் அட்ரினலின் போக வேண்டும் என்கிறது. மாதிரியில் போனது பத்தாவது நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத் தாமதம் யாருடைய திறமைக் குறைவாலும் வந்ததில்லை, கையிலேயே குத்திப் பார்த்ததாலும் சாவி வேறு மாடியில் இருந்ததாலும் வந்தது. மணியை எழுதாவிட்டால் இது வெளியே வராது. "கொஞ்சம் லேட்டாச்சு" என்பதோடு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

ஜூன் 4, இரவு 11.15

மேலே எழுதியதில் ஒரு விடுதல். நீரில் மூழ்கிய குழந்தைக்கு முதல் தேவை காற்று. நெஞ்சு ஏறாத அந்த மூன்று நிமிஷம்தான் அட்ரினலின் தாமதத்தைவிடப் பெரிய இழப்பு. "ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டால் நான் மாஸ்க்கைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஊசி கண்ணில் படுகிற பொருள் என்பதால் கவனம் அங்கே போய்விட்டது. குழுப் பேச்சிலும் இதே சறுக்கல் நடக்கும், அதனால் நடத்துபவர் ஒவ்வொரு தடவையும் காற்று, அழுத்தம், மருந்து என்ற வரிசையில் கேட்பது நல்லது.

மாஸ்க் மூக்குத் தண்டில் தொடங்கி முகவாய்க்கட்டைப் பள்ளம் வரை உட்கார வேண்டும். கண்ணை அழுத்தக் கூடாது, தாடையைத் தாண்டக் கூடாது. மூன்று அளவு மாஸ்க்கை வளையத்தில் கோத்து, ஆம்பூ பையோடேயே டிராலியின் பக்கவாட்டில் தொங்கவிட்டால் டிராயரைக் குடைய வேண்டியதில்லை.

ஜூன் 6, காலை 5.50

அட்ரினலினை எப்படிக் கலந்து கொடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இது டீப்ரீஃப் தாளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம், கொஞ்சம் நின்று பேசலாம்.

நம்மிடம் வரும் ஆம்பியூல் 1 மி.லி., அதில் 1 மி.கி. இதய நிறுத்தத்தில் நரம்பிலோ எலும்பிலோ போக வேண்டியது கலந்தது. 10 மி.லி. சிரிஞ்சில் 9 மி.லி. சலைன், அதோடு ஒரு ஆம்பியூல். இப்போது ஒரு மி.லி.யில் 0.1 மி.கி. கிலோவுக்கு 0.1 மி.லி. 14 கிலோவுக்கு 1.4 மி.லி. பின்னாலேயே 5 மி.லி. சலைன் தள்ள வேண்டும், இல்லையென்றால் மருந்து டியூபிலேயே நிற்கும். 3 முதல் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை.

ஆம்பியூலை உடைத்தவர் சிரிஞ்சில் ஏற்றி டிரேயில் வைக்கிறார், லேபிள் இல்லை. அடுத்தவர் அது கலக்காதது என்று நினைத்து மறுபடி கலக்கிறார். குழந்தைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு. தலைகீழாகவும் நடக்கும்: கலக்காததைக் கலந்தது என்று கொடுத்தால் பத்து மடங்கு. பார்க்க எல்லாம் தண்ணீர் மாதிரிதான்.

மைக்ரோபோர் பிளாஸ்திரியில் "அட்ரினலின், கலந்தது" என்று எழுதி சிரிஞ்சின் உடம்பில் ஒட்டுங்கள், அளவுக் கோடுகளை மறைக்காமல். எழுதிவைத்த துண்டுகள் நாலைந்தை டிராலி மூடியில் முன்கூட்டியே ஒட்டிவைத்தால் அவசரத்தில் பேனா தேட வேண்டாம். கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பதினாலு கிலோ, கலந்த அட்ரினலின், ஒண்ணு புள்ளி நாலு." கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். தாளில் மணி.

ஜூன் 6, காலை 6.30

அதே பேச்சின் வால். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால், அங்கே அட்ரினலின் கலக்காமல் தொடைத் தசையில் போகிறது, கிலோவுக்கு 0.01 மி.லி. மில்லிகிராம் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், மில்லிலிட்டரில் பத்து மடங்கு வித்தியாசம். ஒரே ராத்திரியில் இரண்டு கேஸும் வந்தால் தலை சுற்றும். இரண்டுக்கும் வேறு வேறு நிற அட்டை டிராலியில் இருக்கட்டும்.

(விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்குக் குறையாது, பெரியவருக்கு எத்தனை வயலோ அத்தனைதான். எடைக்குத் தக்கபடி குறைப்பதை இன்னும் பார்க்க முடிகிறது என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

ஜூன் 7, இரவு 8.15

எடையை எங்கிருந்து எடுப்பது என்று உசிலம்பட்டிப் பக்கத்து ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டிருக்கிறார். ஒரு வயதுக்கு மேல், வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்குவது பழைய கணக்கு. மேலே மூன்று வயதுக்கு 14 கிலோ வந்தது அப்படித்தான். ஆனால் நம் குழந்தைகளில் பலர் அந்தக் கணக்குக்கு மெலிந்தவர்கள். உயரத்தை வைத்து எடை சொல்லும் ப்ரோஸ்லோ நாடாவும் இந்தியக் குழந்தைகளின் எடையைக் கூட்டிக் காட்டுவதாக 2008-இலேயே எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேளுங்கள்: "அங்கன்வாடியில போன மாசம் எத்தனை கிலோ இருந்துச்சு?" மாசாமாசம் எடை பார்க்கும் இடம் அது. அந்த நிலையிலும் நிறைய அம்மாக்கள் பளிச்சென்று சொல்வார்கள். சொன்ன எண்ணை மைக்ரோபோரில் எழுதி படுக்கைத் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். டீப்ரீஃபில் "எடை யார் சொன்னது, எப்போ எல்லோருக்கும் தெரிஞ்சுது?" என்பது தனிக் கேள்வியாகவே இருக்கலாம்.

ஜூன் 8, காலை 10.00

3-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். முடிந்ததும் உடனே பேசுங்கள் என்ற மாதிரி எழுதிவிட்டேன். 108 ஆம்புலன்ஸில் இருக்கும் ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) தம்பி சரியாகப் பிடித்தார்: "சார், குழந்தையை மதுரைக்கு ஏத்திட்டு உங்க நர்ஸும் எங்களோடயே வந்துருவாங்க. அப்புறம் யாரு யாரோட பேசுறது?"

நாலு பேரில் ஒருவர் ஆம்புலன்ஸில் போய்விட்டால், மிச்சம் மூவர் பேசும் பேச்சில் பாதிக் கதை இருக்காது. அப்போது இப்படிச் செய்யலாம். வண்டி கிளம்பு முன் எழுதியவரின் தாளை ஃபோனில் படம் எடுக்காமல், கார்பன் வைத்து இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்று குழந்தையோடு போகட்டும், பெரியாஸ்பத்திரியில் வாங்கிக்கொள்பவருக்கு அந்த மணிகள் வேண்டும். போன சிஸ்டர் திரும்பி வந்ததும், அல்லது டியூட்டி மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஓவர் நேரத்தில் பேசுங்கள். அன்றே முடிந்தால் நல்லது. மறுநாளைத் தாண்டினால் சூடான பேச்சு (சுடச்சுடப் பேசும் டீப்ரீஃப்) என்று அதைச் சொல்ல முடியாது, ஞாபகம் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி உறைந்துவிடும்.

ஆம்புலன்ஸ் ஆட்களையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள். அவர்களுக்கு அடுத்த கால் வந்துவிடும், ரெண்டு நிமிஷம்தான் நிற்பார்கள். அவர்களிடம் ஒரே கேள்வி: "நாங்க உங்ககிட்ட ஒப்படைச்சப்ப எது இல்லாம தந்தோம்?"

ஜூன் 8, பிற்பகல் 3.20

தாள் பற்றி. வாட்ஸாப் குழுவில் எழுதாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் வேண்டாம். ஊர், வயது, மணி, மூன்றும் இருந்தால் யார் குழந்தை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் போகும் வேகத்துக்கு நாம் ஈடுகொடுக்க முடியாது.

இரண்டு தாள் இருக்கிறது, கலக்கக் கூடாது.

கேஸ் ஷீட்: என்ன நடந்ததோ அத்தனையும். மணி, மருந்து, அளவு, யார் கொடுத்தது. தவறான அளவு போயிருந்தால் அதுவும் அங்கே எழுதப்பட வேண்டும், பெற்றோருக்கும் சொல்லப்பட வேண்டும். டீப்ரீஃப் என்ற பெயரில் ஒரு பிழையை மூடி மறைக்கலாம் என்று யாராவது நினைத்தால், அன்றோடு அந்தப் பேச்சு செத்தது.

டீப்ரீஃப் தாள்: பொருள், இடம், முறை மட்டும். "சின்ன மாஸ்க் கீழ் டிராயரில்." "ஐ.ஓ. ஊசி பூட்டிய பீரோவில்." குழந்தை பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், ஊழியர் பெயர் எதுவும் வேண்டாம். செய்யப்போகிறவரின் பொறுப்பும் தேதியும் மட்டும். அமெரிக்காவில் நோயாளர் பாதுகாப்புக்காக எழுதும் இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் காப்பு உண்டு. அதை நம்பி நாம் இங்கே எழுத முடியாது. யார் கையில் கிடைத்தாலும் கவலைப்படத் தேவையில்லாத விஷயத்தை மட்டும் அதில் எழுதுங்கள்.

போலீஸுக்குத் தகவல், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு, இவையெல்லாம் பேச்சுக்கு முன்பே முடிந்திருக்கட்டும். முடியாவிட்டால் அந்த நினைப்பிலேயே டாக்டர் நிற்பார்.

ஜூன் 9, இரவு 12.10

கடிகாரம்! எழுத மறந்தே போனேன்.

சுவர்க் கடிகாரம் ஒரு மணி காட்டும், மானிட்டர் ஒன்று, டீஃபிப் (மின் அதிர்ச்சிக் கருவி) ஒன்று, ஃபோன் ஒன்று. நாலு நிமிஷ வித்தியாசம் சாதாரணம். அழுத்தம் ஆரம்பித்ததைச் சுவரைப் பார்த்தும், அட்ரினலினை ஃபோனைப் பார்த்தும் எழுதினால் அந்த "பத்தாவது நிமிஷம்" ஆறாகவும் இருக்கலாம், பதினாலாகவும் இருக்கலாம். திங்கள்கிழமை காலையில் டிராலி செக் பண்ணும்போது நாலையும் ஃபோன் மணிக்குச் சரிசெய்யுங்கள். எழுதுபவர் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று தாளின் தலைப்பில் ஒரு கட்டம்.

எழுதுவதற்கு ஆள் இல்லை, நாலு பேர்தான் என்பீர்கள். இருவர் அழுத்தமும் காற்றும் (15 அழுத்தத்துக்கு 2 காற்று), ஒருவர் ஊசி மருந்து, நாலாவது ஆள் எழுதுவதும் எடுத்துக் கொடுப்பதும். செக்யூரிட்டி அண்ணனுக்கு எழுதத் தெரிந்தால் அவரையும் மணி சொல்லவைக்கலாம். "அண்ணே, ரெண்டு நிமிஷம் ஆனதும் சத்தமா சொல்லுங்க" என்றால் போதும், ஆள் மாற்றும் நேரம் தவறாது.

ஜூன் 11, காலை 6.45

குழந்தை போய்விட்டால் என்ன செய்வது என்று சிஸ்டர் கேட்டது இரண்டு நாளாக மனதில் இருக்கிறது.

அந்த நாலு கேள்வியை அப்போது ஆரம்பிக்காதீர்கள். அதற்கு முன் ஒரு நிமிஷம். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி நர்ஸ் ஜோனதன் பார்டெல்ஸ் தொடங்கிவைத்த பழக்கம் அது. இறப்பை அறிவித்ததும் அறையில் இருப்பவர்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பது. சாமி கும்பிடச் சொல்வதில்லை, எந்த மதத்து வார்த்தையும் இல்லை. நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: "இந்தப் பிள்ளை ஒரு வீட்டுப் பிள்ளை. இவ்வளவு நேரம் நம்ம கையில இருந்துச்சு. நம்மால முடிஞ்சதை எல்லாரும் செஞ்சோம். ஒரு நிமிஷம் நிப்போம்." மானிட்டர் அலாரத்தை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு நிமிஷமும் அது கத்திக்கொண்டே இருக்கும்.

பிறகு அம்மா உள்ளே வர வேண்டும். கிணறு, தொட்டி, விஷம், விபத்து என்றால் பிரேதப் பரிசோதனை உண்டு, வாயில் போட்ட குழாயையும் ஊசியையும் எடுக்காமல் விடுவார்கள். வருவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்ல வேண்டும்: "வாயில ஒரு குழாய் இருக்கும்மா. அதை இப்ப எடுக்க முடியாது. கையைப் பிடிச்சுக்கலாம், மடியில வச்சுக்கலாம்." யார் சொல்வது என்று முடிவுசெய்துவிட்டு உள்ளே விடுங்கள்.

அன்று வேலைப் பேச்சு மறுநாளைக்குத் தள்ளிப்போனால் போகட்டும். டிராலியை நிரப்புவது மட்டும் தள்ளிப்போக வேண்டாம்.

ஜூன் 11, இரவு 9.30

மேடம் சொன்னதற்கே திரும்ப வருகிறேன். முதல் குறிப்பில் மிட்செல் முறையை ஒரேயடியாகத் தள்ளியது கொஞ்சம் அவசரம். காக்ரேனில் சேர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் தனித்தனியாக அடிபட்டவர்கள் மேல் செய்தவை. ஒன்றாக வேலை செய்யும் குழுவின் மேல் செய்தவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடைமுறையில் முடிவு மாறாது: கட்டாயப்படுத்தி மனசைத் திறக்கவைக்க வேண்டாம்.

அதற்காக மனசைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஆகாது. பேச்சு முடிந்து கலையும்போது நடத்தியவர் ஒரு தடவை முகங்களைப் பார்க்க வேண்டும். கை நடுங்குபவர், சுத்தமாகப் பேசாதவர், வீட்டில் அதே வயதில் பிள்ளை இருப்பவர். அவருக்கு டீ, தண்ணீர், பதினைந்து நிமிஷம் வேறு ஆள் டியூட்டி. ராத்திரி பைக்கில் தனியாக அனுப்பாதீர்கள். மறுநாள் ஒரு ஃபோன்: "சாப்டீங்களா, தூங்குனீங்களா?" ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் தூக்கம் வராமல், அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள்.

ஜூன் 14, மாலை 5.40

பெரிய இடங்களில் இருப்பவர்களுக்கு மட்டும். ஐந்து நிமிஷப் பேச்சு பொருளையும் இடத்தையும் சரிசெய்யும். அழுத்தத்தின் ஆழம், வேகம், இடையில் எத்தனை விநாடி நின்றது என்பதெல்லாம் அதில் வராது, கைக்குத் தெரியாது. பிலடெல்ஃபியா குழந்தைகள் ஆஸ்பத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில், டீஃபிப் பதிவை எடுத்துவைத்து மூன்று வாரத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். 2014-இல் எழுதினார்கள், நல்ல மூளைத் திறனோடு பிழைத்தவர்கள் 29 சதவீதத்திலிருந்து 50-க்குப் போனதாக. ஒரே இடத்தில், முன்பு பின்பு என்று பார்த்த ஒப்பீடு. அந்த அளவுக்கு மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் டீஃபிப் பதிவு தருகிறதோ அங்கே அதைப் பிரித்துப் பார்க்காமல் வைத்திருப்பது வீண்.

பதிவு தராத மெஷின் என்றால்: தாளில் அழுத்தம் நின்ற மணியும் தொடங்கிய மணியும் எழுதுங்கள். நாடி பார்க்க 10 விநாடிக்கு மேல் போகக் கூடாது. மூச்சுக்குழாய் போடும்போது அழுத்தம் எவ்வளவு நேரம் நின்றது என்பது முதல் தடவை கணக்குப் பார்க்கும் யாரையும் திடுக்கிடவைக்கும்.

ஜூன் 17, காலை 7.20

எந்தக் கேஸுக்கெல்லாம் பேசுவது? சி.பி.ஆர்., குழாய் போட்டது, ஐ.ஓ. போட்டது, அரைமணிக்கு மேல் நிற்காத வலிப்பு, மருந்து அளவு தவறப்போய்க் கடைசி நொடியில் பிடித்தது. இவற்றோடு "யாராவது ஒருவர் பேசணும்னு கேட்டால்" என்பதையும் சேருங்கள். பிழைத்த குழந்தைக்கும் கட்டாயம் பேசுங்கள். இறந்தால் மட்டும் பேசினால், சிஸ்டர் "அஞ்சு நிமிஷம்" என்று கூப்பிட்டாலே எல்லோருக்கும் வயிறு கலங்கும்.

ஜூன் 20, இரவு 10.05 (கேட்டவர்)

டாக்டர், பேச்சு ரெண்டு தடவை நடந்துவிட்டது. முதல் தடவை பத்து நிமிஷம் ஆனது, ரெண்டாவது ஆறு. சின்ன மாஸ்க் வளையத்தில் தொங்குகிறது. ஐ.ஓ. ஊசியை பீரோவிலிருந்து எடுத்துவிட்டோம், ரெண்டு இருந்தது, சிவப்புப் பையில் போட்டு டிராலி கைப்பிடியில் கட்டியாயிற்று. மேடமும் நின்றார், கடைசியில்தான் பேசினார்.

ஜூன் 21, காலை 6.00

நல்லது சிஸ்டர். பூட்டிய பீரோவில் பல மாதம் இருந்த ஊசி அது, காலாவதித் தேதியை ரெண்டிலும் பாருங்கள். பையின் வெளியே அந்தத் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். அதோடு 10 மி.லி. சிரிஞ்சும் சலைனும் அதே பையில் இருக்கட்டும், ஊசி போட்டதும் தள்ளிப் பார்க்க அதுதான் முதலில் வேண்டும்.

பையை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு ஒட்டுப்பட்டி வையுங்கள். கையுறை போட்ட விரலுக்கு முடிச்சு வராது.